தேய்மானம் என்று சொன்னோம்

டாக்டர் பத்மஜா சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். 'எனக்கு என்ன தெரியும், பிள்ளைதானே எல்லாம் பார்த்தான்' என்று பிற்பாடு நான் பசப்பக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010, ஜனவரி பத்தொன்பது. ஹைதராபாத்தில் தனி மாநிலப் போராட்டம், நாலு நாளைக்கு ஒரு பந்த் என்று நடந்துகொண்டிருந்த சமயம். பந்த் இல்லாத நாளாகப் பார்த்து என் மகன் ஜெயராம் அல்வாலில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் அப்பாவை ஏற்றிக்கொள்ளவில்லை. வியாதி அவருக்கு. ஆனால் அவருக்கு அங்கே இடமில்லை.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். வேலூரில் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாக வரும். மேசைமேல் ஸ்கேன் படத்தை வைத்து, எனக்குப் புரியவேண்டுமே என்று நிதானமாகச் சொன்னார்.

"ப்ராஸ்டேட்ல வந்த கேன்சர் இடுப்பு எலும்புக்கு வந்துடுச்சும்மா. முழுசா குணம் பண்ண முடியாது. ஆனா ஊசி இருக்கு, அது நோயை ரொம்ப நாள் அடக்கி வைக்கும். இந்த இடது இடுப்பு வலிக்கு மட்டும் ரேடியேஷன் குடுத்துடலாம். ஒரே ஒரு தடவை. காலைல வந்தா சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம். பத்துப் பேர்ல ஆறு ஏழு பேருக்கு வலி நல்லா குறையும். அவரை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

"யோசிச்சு சொல்றோம் டாக்டர்," என்றான் ஜெயராம்.

என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது? வலிக்கிறது என்கிறான் ஒருவன், குறைக்கிறேன் என்கிறாள் ஒருத்தி, நடுவில் நாம் யார் யோசிக்க? இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை. அதுதான் என் லட்சணம்.

என் வீட்டுக்காரர் ஜகதீசனுக்கு அப்போது வயது அறுபத்தொன்பது. முந்தின டிசம்பரில் சிறுநீர் அடைத்துக்கொண்டது என்று ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் ஜெயராம் கைக்குத்தான் வந்தது. அவன் அதை மடித்து லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா, வயசானா எல்லாருக்கும் வர்ற வீக்கம்" என்று சொல்லிவிட்டான். பிறகு இடுப்பு வலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டும் அப்படியே பைக்குள் போயிற்று. மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் நூற்றிருபது பேரை மேய்க்கிறவன். யாருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தினமும் தீர்மானம் செய்கிற வேலை. பெற்ற அப்பனையும் அந்த நூற்றிருபது பேரோடு சேர்த்துவிட்டான்.

அவரை ஏன் அந்த டாக்டரிடம் கூட்டிப்போகக் கூடாது? அங்கேதான் எங்கள் குடும்பத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் சனத்நகர் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில், ரேடியோகிராஃபி செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். வார்த்து எடுத்த உலோகச் சாமான்களுக்குள் விரிசல் இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படம் எடுத்துப் பார்க்கிற வேலை. படம் எடுக்கும்போது சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஜெனரல் மேனேஜரே வந்தாலும் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கவேண்டும். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு போவார். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அது காட்டும். மாதா மாதம் பம்பாய்க்குப் போய் அளவு எழுதி வரும். மஞ்சளில் மூன்று இதழ் போட்ட அந்த எச்சரிக்கைச் சின்னத்தை எங்கே பார்த்தாலும் அவர் கால் தானாக நின்றுவிடும்.

"வேற யார் அப்பாவா இருந்தாலும் லைட் ட்ரீட்மென்ட்னு சொல்லி கூட்டிட்டுப் போயிடலாம்மா," என்றான் ஜெயராம், திரும்பி வரும்போது காரில். "நம்ம அப்பாகிட்ட முடியாது. அந்த ரேடியேஷன் ரூம் கதவைப் பார்த்தா போதும், அவருக்குத் தெரிஞ்சிடும். இடுப்புக்கு எதுக்கு ரேடியேஷன்னு கேட்பார். என்ன சொல்வே?"

"வலிக்குதுங்கறாரேடா."

"மாத்திரை இருக்கு. பெல்ட் இருக்கு. எலும்புத் தேய்மானம்னு சொல்லிடுவோம். நானே நெட்ல எவ்வளவோ படிச்சுட்டேன்மா. மனசு விட்டுட்டார்னா அப்புறம் எந்த மருந்தும் வேலை செய்யாது. அப்பா உடைஞ்சு போயிடுவார். உனக்கு அது பரவாயில்லையா?"

கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியாது என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் உண்மையைச் சொல்லுவோம் என்றுதானே புத்தி போகவேண்டும்? எங்கள் புத்தி வேறு பக்கம் போயிற்று. அவரிடம் பொய் சொல்லி அந்த மெஷின்கிட்டே கூட்டிப்போக முடியாது. ஆகவே மெஷினே வேண்டாம். பொய் மட்டும் போதும்.

என் வாயைப் பற்றி அல்வாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காய்கறி வண்டிக்காரன் என்னைக் கண்டால் தராசைத் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பான். தண்ணீர் திறந்துவிடுகிறவன் பாதியில் மூடினால் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் அன்றைக்குக் காரில் வாயைத் திறக்கவில்லை. காரணம் பயம். அவருக்கு நான்தான் சொல்லவேண்டியிருக்குமே, அவர் முகத்தை நான்தான் பார்க்கவேண்டியிருக்குமே என்கிற பயம். பிள்ளை பாசத்தின் பேரில் ஒரு பொய்யை நீட்டினான். நான் கோழைத்தனத்தின் பேரில் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

குடியாத்தத்தில் இருந்து நாத்தனார் மங்கையர்க்கரசி ஃபோன் செய்தாள். அவளுக்கு மட்டும் ஜெயராம் சொல்லியிருந்தான்.

"அண்ணி, அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. எங்க மாமனாருக்கு எவனோ வாய் தவறி சொல்லிட்டான். எட்டே நாள். போய்ச் சேர்ந்துட்டாரு."

அந்த மாமனாருக்கு எண்பத்தேழு வயது. சொல்லாமல் இருந்தாலும் ஒன்பதாம் நாள் போயிருப்பார். இதை அப்போது அவளிடம் கேட்காமல் ஃபோனை வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

ஆக, தேய்மானம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நர்ஸ் வீட்டுக்கு வந்து போடுகிற அந்த ஊசியைக் கால்சியம் ஊசி என்றோம். இடுப்புக்கு ஒரு பெல்ட் வாங்கினோம். ஜெயராம் யாரோ சிநேகிதன் மூலமாக ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு அனுப்பினான். அந்த ஆளைக் குறை சொல்லமாட்டேன், அவனிடமும் தேய்மானம் என்றுதான் சொல்லியிருந்தோம். மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் தூக்கி இறக்கவேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது.

என் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. முப்பத்தொரு வருஷம் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, விதிப்படி வேலை பார்த்த உடம்பு. ஒரு நாள் தவறமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார். எட்டாவது, ஒன்பதாவதிலேயே நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்துவிடும். அவருக்கு மூச்சு வாங்கும் என்பதால் எண்ணுகிற வேலை என்னுடையது. பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு. உள்ளே எலும்பைப் புற்று அரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்றவள் இருந்திருந்தால் விளக்குமாற்றால் அடித்திருப்பாள்.

ஊசி போட்டதில், இடுப்போடு சேர்ந்து இருந்த முதுகு வலி தேவலையாயிற்று. இடுப்பு விடவில்லை. படுத்தால் குத்துகிறது என்று கூடத்து நாற்காலியிலேயே தலையணை வைத்துக்கொண்டு தூங்கப் பழகினார். தூக்கம் என்று பேர். மனிதர் அதற்கு முன்னால் எதற்கும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் கட்டைவிரல் நசுங்கிய அன்றுகூட வீட்டுக்கு வந்து, காபி ஆறிப்போச்சு என்று மட்டும்தான் சொன்னார். அவர் இப்போது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "வலிக்குது கல்பகம்" என்பார். சத்தமாகச் சொல்லமாட்டார். குழந்தை மாதிரி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ரொம்ப வலிக்குது."

நான் தைலம் தேய்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராமும் மருமகள் ரஷ்மியும் கொண்டாப்பூரில் இருந்து வந்தால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "எப்படிப்பா இருக்கு?" "பரவாயில்லடா, தேவலை." கிளம்பும்போது அவன் வாசலில் என்னிடம், "பார்த்தியாம்மா, அப்பா ஜாலியா இருக்கார். சொல்லியிருந்தா இப்படி இருப்பாரா?" என்பான். அவன் பின்மண்டையில் ஒன்று போடலாமா என்று இருக்கும். போடவில்லை. மிச்சம் இருந்த பூரியை டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவரே கேட்டார். "கல்பகம், இது தேய்மானம்தானா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தேய்மானம்தாங்க. டாக்டர் சொன்னதா ஜெயராம்தான் சொன்னானே."

அவர் தன் இடது காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான் எக்ஸர்சைஸ் சரியா பண்ணலை போல," என்றார். மறுநாளில் இருந்து இருபதை முப்பதாக்கிக்கொண்டார்.

மே பன்னிரண்டாம் தேதி. அனல் அடிக்கிற காலை. இருபத்திரண்டு எண்ணியிருந்தேன். போதும் என்று கையைக் காட்டிவிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது கால் அப்படியே தொய்ந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் ஒரு அலறல். நாற்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் எங்கள் வாசல் கேட் வரைக்கும் ஓடி வந்துவிட்டார்.

ஜெயராமுக்கு ஃபோன் போட்டேன்.

"மா, இன்னிக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் மா. தலைக்கு மேல வேலை. சாயந்திரம் ஒரு எலும்பு டாக்டரை, ஆர்த்தோவை, வீட்டுக்கே அனுப்பறேன்."

"ஆர்த்தோவும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம். நான் டாக்டர் பத்மஜாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"மா! நக்கோ மா, வேணாம் மா, ப்ளீஸ். அங்க போனா அவருக்குத் தெரிஞ்சிடும்!"

"தெரியட்டும்டா!" நான் கத்தியது எதிர்வீட்டுக்காரருக்கு என்ன, அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். "அவர் வியாதி, அவருக்குத் தெரியட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தாண்டா தெரியும். உனக்கு ஒரு பல் வலி வந்தப்ப ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஊரையே ரெண்டாக்கினே. உங்கப்பா நாலு மாசமா நாற்காலில உட்கார்ந்து தூங்கறார். உடைஞ்சு போயிடுவார், உடைஞ்சு போயிடுவார்னியே, மனசு உடையலைடா, எலும்பு உடையப் போவுது! ஃபோனை வை!"

நானே வைத்துவிட்டேன். அத்தனையும் அவனைச் சொன்னது. என்னைச் சொல்ல அங்கே ஆளில்லை.

எதிர்வீட்டுக்காரரும் டாக்சி டிரைவரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் பின்சீட்டில் சாய்த்தார்கள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் என் கையை இறுக்கினார். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தெம்பில்லை.

டாக்டர் பத்மஜா முதலில் ஊசி போட்டு வலியை மட்டுப்படுத்தினார். படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, முறிகிற நிலைக்கும் இன்னும் வரவில்லை, ரேடியேஷன் இன்றைக்கே கொடுக்கலாம் என்றார். என் வீட்டுக்காரரை வார்டு படுக்கையில் விட்டுவிட்டு என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். நான் பெல்ட்டையும் தைலத்தையும் காலைத் தூக்கும் கணக்கையும் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துவிட்டது.

"யாரம்மா இந்த எக்ஸர்சைஸ் சொன்னது? இந்த எலும்பை வச்சிட்டு தினம் அறுபது தடவை தூக்கினாரா? உடைஞ்சிருந்தா படுத்த படுக்கைதானே! ஜனவரில நான் எவ்வளவு தெளிவா சொன்னேன். நாலு மாசம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அந்தம்மா திட்டியதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.

ரேடியேஷன் பிரிவு கீழ்த்தளத்தில். சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனோம். தாழ்வாரத்துக் கோடியில் பார்த்தால் ஜெயராம். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, மூச்சு வாங்க, எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டிருந்தான். எதற்கு வந்தான் தெரியுமா? அந்தப் பெரிய கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மஞ்சள் போர்டு இருந்தது. மூன்று இதழ் சின்னம். அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அகலமாக நின்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாது என்று போர்டை முதுகால் மறைக்கிறான்!

"பிசியோல புதுசா ஒரு மெஷின் வந்திருக்குப்பா," என்றான். "சும்மா பத்து நிமிஷம்."

அவர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். கதவின் கனத்தைப் பார்த்தார். கதவுக்கு மேலே எரியாமல் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா," என்றார். "போர்டை மறைக்கிறே."

ஜெயராம் நகர்ந்தான். பின்னாலேயே வந்த டாக்டரம்மாவைப் பார்த்து அவர் கேட்டார்.

"கோபால்ட் மெஷினா மேடம்? லீனியர் ஆக்ஸிலரேட்டரா?"

டாக்டரம்மா ஒரு நொடி திகைத்துவிட்டு, "லீனியர் ஆக்ஸிலரேட்டர் சார்," என்றார்.

"எவ்வளவு டோஸ்?"

"எட்டு கிரே. ஒரே சிட்டிங்."

"எண்ணூறு ராட்." தன் பழைய கணக்குக்கு மனதுக்குள் மாற்றிப் பார்த்துச் சொன்னார். "எங்களுக்கு பேட்ஜ்ல வருஷத்துக்கு அஞ்சு தாண்டக்கூடாது. தாண்டினா பம்பாய்லேருந்து விளக்கம் கேட்டு லெட்டர் வரும்."

"அது உடம்பு முழுக்கப் படறதுக்கு சார். இது இந்தக் கையகல இடத்துக்கு மட்டும்தான். அங்க இருக்கற கேன்சர் செல்லைச் சுட்டா வலி குறையும்."

அந்தச் சொல்லை ஒரு வழியாக ஒரு மனுஷி சொல்லிவிட்டாள். இடி விழவில்லை. அவர் தலையை இரண்டு தடவை ஆட்டினார்.

"எங்கேர்ந்து பரவினது? ப்ராஸ்டேட்டா?"

"ஆமா சார்."

"குணமாகுமா?"

"ஆகாது. இது வலிக்கு மட்டும். ஆனா ஊசி கேட்கற வரைக்கும் இன்னும் நல்லா இருக்கலாம்."

"சரி. போடுங்க," என்றார்.

இவ்வளவுதான். உடைஞ்சு போயிடுவார், மனசு விட்டுடுவார், எட்டே நாள் என்றார்களே, இவ்வளவுதான் அவர் உடைந்த லட்சணம். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன். எட்டி என் கையைப் பிடித்து, "உங்கிட்டயும் சொல்லலையா இவன்? பயப்படாதே கல்பகம், நான் இருக்கேன்," என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்கிறார். இல்லைங்க, எனக்குத் தெரியும், ஜனவரியில் இருந்தே தெரியும் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கவேண்டும். ஜெயராம் என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிள்ளை மேலேயே முழுப் பழியும் விழட்டும் என்று இருந்துவிட்டேன்.

இடுப்பில் மையால் கோடு போட்டார்கள். மேசையில் படுக்க வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். கனத்த கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாரையும் கயிற்றுக்கு வெளியே நிறுத்திய மனிதர் தனியாக உள்ளே இருந்தார். நான் தாழ்வாரத்தில் நின்று ஜெயராமைப் பிடித்துக்கொண்டேன். "பார்த்தியா? உடைஞ்சாரா? நல்லா பாரு, உங்கப்பன் உடைஞ்சு போனாரா?" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். அவன் முப்பத்தெட்டு வயதுக் கழுதை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பினான். நான் தேற்றவில்லை. நான் கத்தி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம். ஒரு காபி குடிக்கிற நேரம். இதற்குத்தான் நாலு மாதம்.

முதல் இரண்டு நாள் வலி கூடினாற்போல் இருந்தது. அப்படி ஆகலாம், பயப்படவேண்டாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். ஐந்தாம் நாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார முடிந்தது. எட்டாம் நாள், தைலம் வேண்டாம் என்றார். பத்தாம் நாள் கட்டிலில் படுத்தார். காலை நீட்டி, புரண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷம்தான் வரவேண்டும். கோபம் வந்தது. இந்தத் தூக்கம் பொங்கல் கழிந்த கையோடு கிடைத்திருக்கும். பிப்ரவரி முழுக்க, மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க இப்படித் தூங்கியிருப்பார். யார் வீட்டுச் சொத்தை யார் திருடினோம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயராம் வந்து அப்பாவின் முன்னால் நின்றான். அவரே அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "விடுடா. நீ பயந்துட்டே. பிள்ளைங்க பயப்படத்தான் செய்யும்," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். அவனுக்கு அவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. மனதுக்குள் கறுவிக்கொண்டே அவனுக்குத் தோசை வார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. யாரையும் பிடிக்காமல், கைத்தடி இல்லாமல், தானே நடந்து வந்து வாசற்படியில் நின்றார். கையில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"அட, நீங்களே நடந்து வந்துட்டீங்களா!" என்று எழுந்தேன்.

"ஃபைலை முழுசா படிச்சேன்," என்றார். ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். "ஜனவரி பத்தொன்பது. ஒரு தடவை ரேடியேஷன் குடுக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. கீழே, மகனிடமும் மனைவியிடமும் விளக்கப்பட்டதுன்னு எழுதியிருக்காங்க."

என் கையில் கீரைத் தண்டு. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"ஜெயராமுக்குத் தெரியும்னு ஆஸ்பத்திரியிலேயே புரிஞ்சுடுச்சு. உன்னையும் ஏமாத்திட்டான்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

"நீங்க மனசு உடைஞ்சு போயிடுவீங்கன்னு..."

"மார்ச்ல உங்கிட்ட கேட்டேன்."

"கேட்டீங்க."

"அவன்கிட்ட ஒரு நாள்கூட ரொம்ப வலிக்குதுன்னு நான் சொன்னதில்லை. அவன் எதை மறைச்சாலும் எவ்வளவு வலிக்குதுன்னு தெரியாம மறைச்சான்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்கிட்ட தினம் சொன்னேன் கல்பகம். உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். ஃபைலை என் மூஞ்சியில் எறிந்திருந்தாலும் பொறுக்கி எடுத்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். எனக்கு அதுதான் தெரியும். அவர் ஃபைலை மூடி அலமாரிமேல் வைத்தார்.

"டாக்டரம்மா ஃபோன் நம்பரை ஒரு காகிதத்துல பெரிசா எழுதிக் குடு. இனிமே வலிச்சா நானே பேசிக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வந்த மாதிரியே நடந்து கூடத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தார். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொன்னார், டிவி பார்த்துச் சிரித்தார், என் மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டார். மறு வருஷம் ஏப்ரலில் முதுகில் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து அவரே ஃபோனில் நம்பரை அழுத்தினார். அவருக்கு எங்கே வலிக்கிறது, எவ்வளவு நாளாக வலிக்கிறது என்பதை, அவர் டாக்டரம்மாவிடம் சொல்வதைச் சமையலறையில் நின்று ஒட்டுக்கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.